புதுச்சேரியில் எட்டு மாதம்: கர்தினால் துர்னோனின் கதை

தமிழ்நாட்டில் கத்தோலிக்கக் கல்யாணத்துக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். மோதிரம் உண்டு, கூடவே தாலியும் உண்டு. அந்தத் தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும். பிள்ளையார் உருவம் மட்டும் இருக்காது. "இதில் என்ன அதிசயம், கிறிஸ்தவர் தாலியில் பிள்ளையார் எப்படி இருப்பார்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் 300 வருஷத்துக்கு முன்னால் இருந்தார்! அதைக் கழற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் ஓர் இத்தாலிக்காரர். பெயர் சார்ல் தோமா மயார் தெ துர்னோன். கையெழுத்துப் போட்ட ஊர் புதுச்சேரி. வருஷம் 1704.

நம் பாடப்புத்தகங்களில் இவர் பெயர் வராது. ராபர்ட் தெ நொபிலி வருவார், வீரமாமுனிவர் வருவார், சீகன்பால்கு வருவார். இவர்கள் எல்லாம் தமிழ் படித்தவர்கள், தமிழில் எழுதியவர்கள். துர்னோனுக்குத் தமிழ் தெரியாது. புதுச்சேரியை விட்டு உள்நாட்டுக்குள் போனதும் இல்லை. எட்டே மாதம்தான் இருந்தார். அந்த எட்டு மாதத்தில் அவர் எழுதிவிட்டுப் போன ஆணையைப் பற்றிய சண்டை அடுத்த 40 வருஷம் நடந்தது. அதே மனிதர் இங்கிருந்து சீனாவுக்குப் போய், அங்கே பேரரசரோடு மோதி, காவலில் அடைபட்டு, அடைபட்ட நிலையிலேயே கர்தினால் ஆகி, அங்கேயே செத்தும் போனார்.

யார் இந்த துர்னோன்?

1668 டிசம்பரில் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர். சவோய் நாட்டின் பிரபுக் குடும்பம். ரோமில் போப்பாண்டவர் பதினோராம் கிளமெண்டுக்கு இவர் மேல் நல்ல அபிப்பிராயம். 1701 டிசம்பரில் இந்தியாவுக்கும் சீனாவுக்குமான தன் தூதராக இவரை நியமித்தார். அதே மாதம் அந்தியோக்கியாவின் பிதாப்பிதா என்ற பட்டமும் கொடுத்து ஆயராக்கினார். அப்போது துர்னோனுக்கு வயது 33.

தூதர்களில் பல தரம் உண்டு. துர்னோனுக்குக் கொடுக்கப்பட்டது ரொம்ப உயர்ந்த தரம். லத்தீனில் அதற்கு 'பக்கத்திலிருந்து அனுப்பப்பட்டவர்' என்று பொருள் வரும். அதாவது போப்பின் பக்கத்திலேயே இருந்து கிளம்பி வந்தவர். அவர் பேசினால் போப்பே பேசுவது மாதிரி.

அவ்வளவு பெரிய அதிகாரத்தோடு ஏன் ஒருவரை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும்? அதைப் புரிந்துகொள்ள நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

நொபிலி திறந்த கதவு

1606ல் மதுரைக்கு வந்தார் ராபர்ட் தெ நொபிலி. இயேசு சபைத் துறவி, இத்தாலிய உயர்குடியில் பிறந்தவர். அதற்கு முன்பு மதுரையில் இருந்த பாதிரியாரின் உழைப்புக்குப் பலனே இல்லை. கிறிஸ்தவன் என்றால் பரங்கி; பரங்கி என்றால் மாட்டுக்கறி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன் என்று மக்கள் நினைத்தார்கள். நொபிலி ஒரு முடிவெடுத்தார். காவி உடுத்தினார், சந்தனம் வைத்தார், சைவமானார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார், பிராமண சந்நியாசி போலவே வாழ்ந்தார். மதம் மாறியவர்கள் குடுமியை எடுக்க வேண்டாம், பூணூலைக் கழற்ற வேண்டாம், இவை எல்லாம் நாட்டு வழக்கம்தான், மத நம்பிக்கை அல்ல என்றார். இதற்கு எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் ரோம் வரை போனது. 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்.

இது பெரிய வெற்றிதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பிராமண சந்நியாசி போல வாழும் பாதிரியார் தாழ்த்தப்பட்டவர்களைத் தொட முடியாது, அவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் 1640 வாக்கில் 'பண்டாரசாமிகள்' என்று இன்னொரு வகைப் பாதிரிமாரை உண்டாக்கினார்கள். இவர்கள் மற்ற சாதியாரோடு பழகலாம். இருந்தும் பறையர் சாதிக் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கோயில் அல்லது தனி இடம். சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் சாமியார் நுழைய மாட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும் என்றால் நோயாளியை வெளியே வேறொரு இடத்துக்குத் தூக்கி வர வேண்டும். உயிர் போகிற நேரத்தில் கூட!

இந்த வழக்கங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐரோப்பியர்கள் வைத்த பெயர் 'மலபார் சடங்குகள்'. கேரளாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரைத்தான் 'மலபாரிகள்' என்று அழைத்தார்கள்.

புதுச்சேரியில் சண்டை

1699ல் டச்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பிரான்சுவா மர்த்தேன் ஆட்சியில் ஊர் வளர ஆரம்பித்தது. ஊரில் ஏற்கெனவே கப்புச்சின் சபைப் பாதிரிமார் இருந்தார்கள். பிரெஞ்சு இயேசு சபையினரும் வந்து சேர்ந்தார்கள். மயிலாப்பூர் ஆயர் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பொறுப்பை இயேசு சபையிடம் கொடுத்தார். கப்புச்சின்களுக்கு ஐரோப்பியர்கள் மட்டும் மிச்சம்.

கப்புச்சின்கள் சும்மா இருப்பார்களா? "இயேசு சபைக்காரர்கள் கிறிஸ்தவம் என்ற பெயரில் இந்துச் சடங்கு நடத்துகிறார்கள்" என்று ரோமுக்குப் புகார் போனது. புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. கோபமும் இல்லாமல் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து கணக்குத் தணிக்கைக்கு ஆள் வருகிற நேரத்தில், கிளையில் ஒருவரை ஒருவர் பிடிக்காத இரண்டு அதிகாரிகள் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

1703 பிப்ரவரியில் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பிரெஞ்சுக் கப்பல் 1703 நவம்பர் 6 அன்று புதுச்சேரிக் கடலில் நங்கூரம் பாய்ச்சியது. துர்னோன் இறங்கினார்.

இங்கேயே ஒரு சிக்கல். போர்த்துக்கீசிய மன்னருக்குக் கீழ்த்திசை நாடுகளின் திருச்சபைக் காரியங்களில் போப்புகளே பழைய காலத்தில் எழுதிக் கொடுத்த உரிமை இருந்தது. அதன்படி ஆசியாவுக்கு வரும் எந்த மிஷனரியும் லிஸ்பன் வழியாக, அரசரின் அனுமதியோடு, போர்த்துக்கீசியக் கப்பலில்தான் வர வேண்டும். துர்னோன் பிரெஞ்சுக் கப்பலில் பிரெஞ்சு ஊருக்கு வந்து இறங்கினார். கோவா பேராயருக்கு இது பெரிய அவமரியாதையாகப் பட்டது. பிற்பாடு துர்னோனுக்கு நேர்ந்த துன்பங்களில் பாதிக்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

நோயாளி நீதிபதி

வந்த கொஞ்ச நாளிலேயே துர்னோன் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். மதுரைக்கோ, செஞ்சிப் பக்கமோ, காஞ்சிபுரம் பக்கமோ போய் மிஷனைப் பார்க்க முடியவில்லை. காஞ்சிபுரம் என்ன, புதுச்சேரியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரம்கூடப் போகவில்லை. எந்த வழக்கங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்தாரோ அவை நடக்கிற கிராமங்களை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை.

அதனால் சாட்சிகளை அழைத்தார். இயேசு சபையிலிருந்து இரண்டு பேர்: கர்நாடக மிஷனின் தலைவர் பூஷே, மதுரை மிஷனைச் சேர்ந்த பெர்த்தோல்தி. இரண்டு பேருமே உள்நாட்டில் வருஷக்கணக்கில் உழைத்தவர்கள், தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள். என்னென்ன வழக்கங்கள் இருக்கின்றன என்று இவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த வாக்குமூலத்தை வைத்தே ஆணை எழுதப்பட்டது. "நாங்கள் சொன்ன விளக்கங்களை விட்டுவிட்டுச் சடங்கை மட்டும் எடுத்துக்கொண்டார்" என்று இயேசு சபையினர் பின்னால் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

ஆணையின் தேதி 1704 ஜூன் 23. இயேசு சபைத் தலைவர்களிடம் அது கொடுக்கப்பட்டது ஜூலை 8. துர்னோன் கப்பலேறியது ஜூலை 11. நடுவில் மூன்றே நாள். மேல்முறையீடு செய்யவோ உட்கார்ந்து பேசவோ அவகாசமே இல்லை.

ஆணையில் என்ன இருந்தது?

மொத்தம் 16 பகுதிகள். முக்கியமானவை இவை:

ஞானஸ்நானம் கொடுக்கும்போது எச்சில் தொடும் சடங்கை விடக்கூடாது. அந்தக் கால ரோமைச் சடங்கில் குரு தன் எச்சிலை விரலில் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். நம் ஊரில் எச்சில் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு தம்ளரை வாய் வைத்துக் குடித்தாலே முகம் சுளிக்கிற ஊர். அதனால் மிஷனரிகள் அந்தச் சடங்கையே விட்டிருந்தார்கள். துர்னோன் "கூடாது, செய்தே ஆக வேண்டும்" என்றார்.

ஞானஸ்நானப் பெயர் ரோமைப் புனிதர் பட்டியலில் இருப்பதாக இருக்க வேண்டும். தமிழில் மொழிபெயர்த்தால் லத்தீன் பொருள் சரியாக வரும்போது மட்டும்தான் அனுமதி. பேதுருவை ராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் சொல்லிப் பழகிய சபை இது.

குழந்தைக் கல்யாணம் கூடாது. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. வேண்டுமானால் சிலுவையோ மாதா உருவமோ வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. கல்யாணத்தில் அரசங்கிளை நடுவதும், தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பதும் கூடாது. பெண் வயதுக்கு வந்ததைச் சடங்காகக் கொண்டாடக் கூடாது.

மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கு வரக்கூடாது என்றோ பாவசங்கீர்த்தனம் செய்யக்கூடாது என்றோ தடுக்கக் கூடாது.

கிறிஸ்தவ மேளக்காரர்கள் கோயில் திருவிழாக்களில் வாசிக்கக் கூடாது. திருநீறு பூசக் கூடாது. சாஸ்திர முறைப்படியான ஸ்நானங்கள் கூடாது. இந்துப் புராண நூல்களை அனுமதியில்லாமல் படிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விடச் சூடான பகுதி இது: நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே போய்க் குருமார்கள் அவர்களுக்கு ஆன்ம உதவி செய்ய வேண்டும். நோயாளியை வெளியே தூக்கி வரச் சொல்லக் கூடாது.

யார் பக்கம் நியாயம்?

இந்தப் பட்டியலைப் படிக்கிற இன்றைய வாசகருக்கு ஒரு தர்மசங்கடம் வரும். மேளக்காரன் பிழைப்பில் மண்ணைப் போடுகிற சட்டத்தையும், எச்சிலைக் கட்டாயமாக்குகிற சட்டத்தையும் பார்த்தால் "இந்த மனுஷனுக்கு நம் நாட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று கோபம் வருகிறது. அடுத்த வரியிலேயே, சாகக் கிடக்கிறவன் எந்தச் சாதியாக இருந்தாலும் சாமியார் அவன் குடிசைக்குள் நுழைய வேண்டும் என்கிறார். விலக்கான பெண்ணைத் தள்ளி வைக்காதே என்கிறார். குழந்தைக்குக் கல்யாணம் செய்யாதே என்கிறார். இவற்றைப் படித்தால் கைதட்டத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே ஆள், ஒரே பேனா, ஒரே காகிதம்.

எதிர்த்தரப்பும் அப்படித்தான். உள்ளூர்ப் பண்பாட்டை மதித்தவர்கள், தமிழைக் கற்றவர்கள், தமிழர்களைப் போலவே வாழ்ந்தவர்கள் என்று இயேசு சபையினரை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அந்த மதிப்பில் சாதிக்கும் பங்கு கிடைத்தது. சந்தனமும் தீண்டாமையும் ஒரே மூட்டையில் வந்தன. "பறையர் குடிசைக்குள் நாங்கள் நுழைந்தால் மற்ற சாதிக் கிறிஸ்தவர் எல்லாரும் விலகிவிடுவார்கள், அரசர்கள் எங்களை விரட்டிவிடுவார்கள், மிஷனே அழிந்துவிடும்" என்பது அவர்கள் வாதம். அது வெறும் சாக்கு அல்ல. 1693ல்தான் ஓரியூரில் ஜான் தெ பிரிட்டோ தலை வெட்டப்பட்டிருந்தார். உள்நாட்டில் ஒரு சின்னத் தவறும் உயிரைக் குடிக்கும் என்பது அவர்களுக்கு அனுபவம். துர்னோனுக்கோ அந்த அனுபவம் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கோட்டை இருந்தது.

ஒன்றை மட்டும் இரண்டு தரப்புமே செய்யவில்லை. யாருடைய குடிசையைப் பற்றிய சண்டையோ அந்த மக்களை யாரும் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. சாட்சி சொன்னவர்கள் பாதிரிமார், தீர்ப்புச் சொன்னவர் பாதிரியார், மேல்முறையீடு போனவர்களும் பாதிரிமார்.

சீனாவில்

துர்னோன் மணிலா வழியாக 1705 ஏப்ரலில் சீனக் கரையை அடைந்தார். அங்கேயும் இதே பிரச்சினைதான், ஆனால் அளவு பெரியது. மத்தேயோ ரிச்சி காலத்திலிருந்து இயேசு சபையினர் சீனக் கிறிஸ்தவர்கள் முன்னோருக்கு வணக்கம் செலுத்தவும், கன்பூசியஸுக்கு மரியாதை செய்யவும் அனுமதித்திருந்தார்கள். ரோம் 1704 நவம்பரில் இதைத் தடை செய்து முடிவெடுத்துவிட்டது.

சீனப் பேரரசர் காங்ஸி கிறிஸ்தவர்களுக்கு எதிரி அல்ல. 1692ல் கிறிஸ்தவத்துக்கு அனுமதி கொடுத்தவரே அவர்தான். இயேசு சபை வானியலாளர்களை அரண்மனையில் வைத்திருந்தார். 1705 டிசம்பரில் பெய்ஜிங் வந்த துர்னோனை மாதக் கடைசியில் மரியாதையோடு வரவேற்றார். அப்போதும் துர்னோன் நோயாளிதான். ஆனால் பேச்சு வளர வளர, இந்த வெளிநாட்டுக்காரர் தன் குடிமக்களின் தகப்பன், பாட்டன் வழிபாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறார் என்று காங்ஸிக்குப் புரிந்துவிட்டது.

1706 ஆகஸ்டில் இன்னொரு சம்பவம். சடங்குகளை எதிர்த்த ஆயர் மைக்ரோ சீன விஷயங்களில் வல்லவர் என்று முன்னிறுத்தப்பட்டார். காங்ஸி அவரைக் கூப்பிட்டு, அரியணைக்குப் பின்னால் எழுதியிருந்த நான்கு சீன எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மைக்ரோவால் முழுதாகப் படிக்க முடியவில்லை! எழுத்தே தெரியாதவர் எங்கள் கன்பூசியஸைப் பற்றிப் பேசுவதா என்று பேரரசருக்குக் கடும் கோபம். துர்னோனைத் தலைநகரை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். அந்த வருஷக் கடைசியில், ரிச்சியின் வழியைப் பின்பற்றுவோம், ஐரோப்பாவுக்குத் திரும்ப மாட்டோம் என்று உறுதி கொடுத்து உரிமச் சீட்டு வாங்கும் மிஷனரிகள் மட்டுமே நாட்டில் இருக்கலாம் என்று உத்தரவு போட்டார்.

துர்னோன் பின்வாங்கவில்லை. 1707 ஜனவரியில் நான்கிங்கிலிருந்து பதில் ஆணை போட்டார். முன்னோர் வழிபாடு சரியா என்று கேட்டால் மிஷனரிகள் 'இல்லை' என்றே சொல்ல வேண்டும், மீறினால் திருச்சபையிலிருந்து நீக்கம்! பேரரசரின் நாட்டில் இருந்துகொண்டு பேரரசருக்கு எதிராக ஆணை.

காவலில் வந்த பதவி

காங்ஸி அவரைக் கொல்லவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாக ஒன்று செய்தார். துர்னோனை மக்காவுக்கு அனுப்பிப் போர்த்துக்கீசியர்களிடம் ஒப்படைத்தார். தான் ரோமுக்கு அனுப்பிய ஆட்கள் திரும்பும் வரை இவரை வெளியே விடக்கூடாது என்று உத்தரவு.

போர்த்துக்கீசியர்களுக்கோ இவர் லிஸ்பனைக் கேட்காமல் வந்தவர் என்ற பழைய கோபம். இவர் போப்பின் தூதர் என்பதையே அவர்கள் ஏற்கவில்லை. 1707 நடுவில் மக்காவ் வந்தவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வாசலில் சிப்பாய்கள். புதுச்சேரியில் யாரையும் கேட்காமல் ஆணை போட்டவர், மக்காவில் வாசற்படி தாண்டவும் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. அங்கேயும் கோபத்தில் திருச்சபை நீக்க ஆணைகளைப் போட்டார். அவற்றை மதிக்கத்தான் ஆள் இல்லை.

இதே நேரத்தில், 1707 ஆகஸ்டில், ரோமில் பதினோராம் கிளமெண்ட் இவரைக் கர்தினாலாக உயர்த்தினார். சிவப்புத் தொப்பி உலகத்தைச் சுற்றிக்கொண்டு மக்காவ் வந்து சேர 1710 ஜனவரி ஆயிற்று. காவலில் இருந்தபடியே அதை வாங்கிக்கொண்டார். ஐந்து மாதம்தான். 1710 ஜூனில் இறந்துபோனார். வயது 41. பல வருஷம் கழித்து, போப்பின் அடுத்த தூதர் மெட்சபார்பா அவருடைய உடலின் எச்சங்களை ரோமுக்கு எடுத்துப் போனார்.

ஆணையின் பிற்கால வாழ்க்கை

ஆள் போனாலும் ஆணை போகவில்லை. பூஷேயும், பிற்பாடு மயிலாப்பூர் ஆயரான லைனசும் ரோம் வரை போய் வாதாடினார்கள். துர்னோன் கப்பலேறுவதற்கு முன் எதையெல்லாம் தளர்த்தினார், எழுத்தில் எவ்வளவு, வாய்மொழியில் எவ்வளவு என்பதே ஒரு பெரிய வழக்காயிற்று. ரோம் ஆணையை 1706லேயே உறுதி செய்தது; ஆனால் மறுப்பு இருந்தால் கேட்கத் தயார் என்ற வாசகத்தோடு. அந்த ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கு 1727, 1734, 1739 என்று நீண்டது. 1739ல் ஒவ்வொரு மிஷனரியும் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். வீரமாமுனிவர் தமிழில் எழுதிக் குவித்த வருஷங்கள் எல்லாம் இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த வருஷங்கள்தான். ஜான் தெ பிரிட்டோவுக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும் பேச்சு வந்தபோது, "அவரும் மலபார் சடங்குகளை அனுமதித்தவர்தானே?" என்று ஆட்சேபம் வந்தது. அது தடையில்லை என்று 1741ல் தீர்த்து வைத்தார் போப் பதினான்காம் பெனடிக்ட்.

அவர்தான் 1744 செப்டம்பரில் முடிவான தீர்ப்பையும் சொன்னார். துர்னோனின் ஆணை பெரும்பாலும் நின்றது. குடிசை விஷயத்தில் மட்டும் ஒரு சமரசம்: பறையர்களுக்கு என்று தனியாக மிஷனரிகளை வைத்துக்கொள்கிறோம் என்று இயேசு சபை சொன்னதை ஏற்றுக்கொண்டார். சாமியார் குடிசைக்குள் நுழைவார், ஆனால் அவர் வேறு சாமியார். இதைத் தீர்வு என்பதா, தீண்டாமைக்குப் புதுச் சட்டை போட்டது என்பதா?

ஆனால் இதற்கு அடுத்த வருஷமே புதுச்சேரியில் ஒன்று நடந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1745ஆம் வருஷத்துக் குறிப்புகளில் அது இருக்கிறது. ஊர்க் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர் கிறிஸ்தவர்கள் ஒன்றாகக் கூடிப் போய்ப் பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள். எங்களை உங்கள் சீஷர்கள் என்கிறீர்கள், பிறகு நடுவில் சுவர் எதற்கு என்பதுதான் அவர்கள் கேள்வி. சுவர் இடிக்கப்பட்டது. மற்ற சாதியார் கோபப்பட்டார்கள், தகராறு ஆயிற்று, எல்லாம் நடந்தது. ஆனாலும் 40 வருஷ வழக்கில் யாரும் கூப்பிடாத சாட்சிகள் தாங்களாகவே வந்து சாட்சி சொன்ன நாள் அது.

சீனாவில் முடிவு வேறு மாதிரி. 1715ல் ரோம் தன் தடையை மறுபடி உறுதி செய்ய, காங்ஸியின் பொறுமை போயிற்று. அடுத்து வந்த யோங்ஷெங் பேரரசர் 1724ல் கிறிஸ்தவத்தையே தடை செய்துவிட்டார்.

இருநூறு வருஷம் கழித்து ரோம் தன் மனதை மாற்றிக்கொண்டது. 1939ல் சீனச் சடங்குகளுக்கு அனுமதி கிடைத்தது. 1940ல் மலபார் சடங்குகள் பற்றிய சத்தியமும் ரத்து. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழில் பூசை வந்தது. குத்துவிளக்கும் ஆரத்தியும் கோயிலுக்குள் வந்தன. துர்னோன் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

பண்பாட்டு விஷயத்தில் ஆக, நொபிலி ஜெயித்துவிட்டார் என்று சொல்லலாம். சாதி விஷயத்தில் யார் ஜெயித்தது? 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதை ஒட்டிக் கலவரம் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த ஊர் எந்த மறைமாவட்டத்தைச் சேர்ந்தது தெரியுமா? புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம்.

துர்னோன் இறங்கி, படுக்கையில் கிடந்து, 16 பகுதிகளை எழுதிவிட்டுக் கப்பலேறிய அதே புதுச்சேரி. அந்த 16 பகுதிகளில் தாலி விஷயம் நிறைவேறிவிட்டது. பிள்ளையார் போய்ச் சிலுவை வந்துவிட்டது. எச்சில் விஷயத்தில் ரோமே இறங்கி வந்துவிட்டது. குடிசை விஷயம்தான் பாக்கி.